லண்டன் சொலிசிட்டர் கேட்கும் பணமூலம்: வழக்கறிஞர்களைக் கண்காணிக்க வேண்டியவர் யார்?

அரசலாறு (கும்பகோணம்), கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் நீதிமன்றங்களில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகள் நடத்தி வருகிறேன். அதோடு, நிலக் கிரயத்துக்கு முன் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றைச் சரிபார்த்துக் கருத்துரை எழுதித் தருவதும் என் அன்றாடப் பணி. அண்மையில் வந்த ஒரு கடிதம் என்னைப் பலவாறாக யோசிக்க வைத்ததால் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சிக்காரர் வலங்கைமான் பக்கத்தைச் சேர்ந்தவர்; இப்போது பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று லண்டனில் வசிக்கிறார். தந்தை விட்டுச்சென்ற பதினெட்டு மா நஞ்சையை இந்த ஆண்டு விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு மகளுக்கு அங்கே ஒரு வீடு வாங்க முயல்கிறார். முதலில் வாங்க வந்தவர், வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதிக்கொண்டு எஞ்சிய தொகையை ரொக்கமாகத் தருவதாகச் சொன்னார். கட்சிக்காரர் என் ஆலோசனையின் பேரில் அதை மறுத்துவிட்டார். அதனால் விற்பனை நாற்பது நாட்கள் தள்ளிப்போனது. விலையும் சற்றுக் குறைந்தது. இரண்டாவதாக வந்தவர் முழுத் தொகையையும் வங்கி வழியாகவே செலுத்தினார்.

இப்போது லண்டனில் வீட்டுக் கிரயத்தைக் கவனிக்கும் சொலிசிட்டர் (சட்ட ஆலோசனையும் ஆவணப் பணியும் செய்யும் வழக்கறிஞர்) அலுவலகம், தந்தையின் மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, கிரயப் பத்திரம், வங்கிக் கணக்கு விவரம் ஆகிய அனைத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்புடன் கேட்டிருக்கிறது. அத்துடன், அந்த நிலம் குடும்பத்துக்கு எவ்வாறு வந்தது, விற்ற பணம் யாரிடமிருந்து எந்த வழியாக வந்தது என்று நான் என் கையொப்பத்துடன் ஒரு விளக்கக் கடிதம் தர வேண்டும் என்றும் கேட்கிறது. இங்கிலாந்தில் சட்ட நிறுவனங்கள் மீதான பணமோசடித் தடுப்புக் கண்காணிப்பே (குற்றவழியில் வந்த பணத்தை நேர்மையான பணமாகக் காட்டுவதைத் தடுக்கும் கண்காணிப்பு) வேறு கைக்கு மாறப்போவதாகவும் கேள்விப்பட்டேன்.

அங்கே உண்மையில் எது மாறுகிறது என்பதும், நம் நாட்டில் வழக்கறிஞர்கள் இப்படியொரு கண்காணிப்புக்குள் இருக்கிறோமா என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால், கட்சிக்காரர் என்னை நம்பிச் சொன்னவற்றை அயல்நாட்டு அலுவலகம் ஒன்றுக்கு எந்த அளவுக்கு எழுதித் தரலாம்? அனுபவமுள்ளவர்கள் பொறுமையாக விளக்க வேண்டுகிறேன்.


வெண்ணாறு (லண்டன், சொந்த ஊர் நீடாமங்கலம்):

ஐயா, வணக்கம். நான் இங்கே ஒரு சட்ட நிறுவனத்தில் இந்த விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பணியில் இருக்கிறேன். உங்களுக்கு வந்தது போன்ற கடிதங்களை எழுதுபவர்களில் நானும் ஒருத்தி என்பதால், அவற்றின் பின்னணியைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்க வேண்டும். அந்த அலுவலகம் உங்களிடம் ஆவணங்களைக் கேட்பதற்குக் காரணம் இப்போது பேசப்படும் மாற்றம் அன்று; 2017ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்பு ஒழுங்குமுறைகளே. வீட்டுக் கிரயம், கட்சிக்காரர் பணத்தைக் கையாளுதல், நிறுவனங்களையும் அறக்கட்டளைகளையும் அமைத்தல் போன்ற பணிகளைச் செய்யும் சட்ட நிறுவனம், கட்சிக்காரர் யார் என்பதைச் சரிபார்க்க வேண்டும். ஆபத்தின் அளவுக்கேற்ப அவருடைய பணம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். அந்தப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நீதிமன்றத்தில் வழக்காடும் பணி மட்டும் என்றால் அந்த விதிகள் பொருந்தா. ஐயம் ஏற்பட்டால் தேசியக் குற்றத்தடுப்பு முகமைக்குத் தகவல் தர வேண்டிய கடமையோ 2002ஆம் ஆண்டின் குற்றவழி ஈட்டங்கள் சட்டத்திலிருந்து வருவது. இந்தக் கடமைகளை ஒரு நிறுவனம் ஒழுங்காகச் செய்கிறதா என்று மேற்பார்க்கும் அமைப்பு எது என்பதுதான் இப்போது மாறப்போகிறது.

இதுவரை இங்கிலாந்து, வேல்ஸ் சொலிசிட்டர்களை அவர்களுடைய சொந்த ஒழுங்குமுறை ஆணையமே மேற்பார்த்து வருகிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சங்கங்கள் உள்ளன. வழக்கறிஞர், கணக்காளர் ஆகிய இரு துறைகளையும் சேர்த்தால் இத்தகைய தொழில்சார் அமைப்புகள் 22. ஒன்றின் கண்டிப்பு மற்றொன்றில் இல்லை என்ற குறை நெடுநாளாக இருந்ததால், அந்த மேற்பார்வையாளர்களையே மேற்பார்க்க 2018இல், வங்கி முதலிய நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்துக்குள் ஒரு தனி அலுவலகம் தொடங்கப்பட்டது. அதன் அறிக்கைகளும் அந்தக் குறையையே திரும்பத் திரும்பச் சொல்லி வந்தன. 2023இல் பிரிட்டிஷ் கருவூலம் நான்கு வழிகளை முன்வைத்துக் கருத்துக் கேட்டது. 2025 அக்டோபரில் தன் முடிவை அறிவித்தது: சட்டம், கணக்கியல், அறக்கட்டளை மற்றும் நிறுவனச் சேவைகள் ஆகிய அனைத்துக்கும் பணமோசடித் தடுப்பில் ஒரே மேற்பார்வையாளராக நிதி நடத்தை ஆணையமே இருக்கும்.

அறிவிப்பு வந்தவுடனேயே பொறுப்பு கைமாறிவிடாது. நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை இயற்ற வேண்டும். அது நடைமுறைக்கு வரும் வரை பழைய அமைப்புகளின் பொறுப்பு தொடரும். அதனால் உங்கள் கட்சிக்காரரின் கிரயத்துக்கு வேண்டிய தாள்களில் எந்த வேறுபாடும் இராது. ஆனால் வங்கிகளைக் கண்காணித்துப் பழகிய ஆணையம் வருகிறது என்றவுடன், "விசாரித்தோம், திருப்தியாக இருந்தது" என்று ஒரு வரி எழுதி வைத்த கோப்புகள் இனிப் போதா என்ற எண்ணம் அலுவலகங்களில் பரவியிருக்கிறது. உங்களுக்கு வந்த கடிதம் அத்தனை விரிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சட்டச் சங்கத்தினர் இந்த மாற்றத்தை வரவேற்கவில்லை. தொழில் ஒழுக்கத்துக்கு ஓர் அமைப்பு, பணமோசடித் தடுப்புக்கு மற்றோர் அமைப்பு என்றாகும்போது சிறிய அலுவலகங்களுக்குச் செலவு கூடும் என்பது அவர்களுடைய கவலை. அந்தக் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். இரண்டு பேர் மட்டும் நடத்தும் அலுவலகங்களும் இங்கே உண்டு. நம் தமிழர்கள் பலருடைய கிரயங்கள் அத்தகைய அலுவலகங்களில்தான் நடக்கின்றன.

உங்கள் கடிதத்தைப் பொறுத்தவரை, நேரில் கண்டதையும் ஆவணத்தில் பார்த்ததையும் தனித்தனியே எழுதுங்கள். வாங்கியவருடைய பணத்துக்கு நீங்கள் உறுதி கூற வேண்டியதில்லை. இன்ன வங்கிக் கணக்கிலிருந்து இன்ன நாளில் வந்தது என்பதே போதும். ஒரு மா என்பது எத்தனை சென்ட் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பத்திரத்தில் மா, குழி என்றும் பட்டாவில் ஹெக்டேர் என்றும் இருந்ததால், இரண்டும் வெவ்வேறு நிலங்களோ என்று என் சக ஊழியர் ஒருவர் இரண்டு வாரம் கோப்பை நிறுத்திவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.


மண்ணியாறு (மயிலாடுதுறை):

நான் பட்டயக் கணக்காளர். வெண்ணாறு அம்மா இங்கிலாந்து நிலையை விளக்கிவிட்டதால், நம் நாட்டு நிலையை மட்டும் சொல்கிறேன்.

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டு, 2005 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2023 மே 3ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை ஒன்று, கட்சிக்காரர் சார்பில் ஐந்து வகை நிதிப் பரிவர்த்தனைகளை மேற்கொள்ளும் பட்டயக் கணக்காளர், நிறுவனச் செயலர், செலவுக் கணக்காளர் ஆகியோரை அந்தச் சட்டத்தின் கடமைகளுக்குள் கொண்டுவந்தது. அசையாச் சொத்தை வாங்குவதும் விற்பதும் ஒன்று. கட்சிக்காரருடைய பணத்தையும் முதலீட்டுப் பத்திரங்களையும் பிற சொத்துகளையும் நிர்வகிப்பது ஒன்று. வங்கிக் கணக்குகளை நிர்வகிப்பது ஒன்று. நிறுவனம் தொடங்கவும் நடத்தவும் நிதி திரட்டுவதை ஒழுங்குசெய்வது ஒன்று. நிறுவனங்களையும் அறக்கட்டளைகளையும் உருவாக்கி நடத்துவதும் தொழில்களை வாங்கி விற்பதும் ஒன்று. தணிக்கையோ வருமான வரிப் படிவம் தாக்கல் செய்வதோ இவற்றில் வராது.

இந்தப் பட்டியல் டெல்லியில் புதிதாக உருவானது அன்று. எஃப்.ஏ.டி.எஃப். எனப்படும் பன்னாட்டு நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் 22ஆவது பரிந்துரையில் இதே ஐந்து பணிகள் உள்ளன. அங்கே அவை கணக்காளர்களுக்கு மட்டுமல்லாமல் வழக்கறிஞர்களுக்கும் நோட்டரிகளுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டவை. நம் அறிவிக்கை அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, வழக்கறிஞர் என்ற சொல்லை மட்டும் சேர்க்காமல் விட்டது. ஆகவே அரசலாறு ஐயா, வழக்கறிஞர் என்ற முறையில் நீங்கள் இன்று அந்தக் கடமைகளுக்குள் இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. 2023 மே 9ஆம் நாள் வந்த மற்றோர் அறிவிக்கை, பிறருக்காக நிறுவனங்களை உருவாக்கித் தருபவர், தொழிலாக இயக்குநர் பொறுப்பு ஏற்பவர், தன் முகவரியைப் பதிவு அலுவலகமாகத் தருபவர், பிறருக்காகப் பங்குகளைத் தன் பெயரில் வைத்திருப்பவர் ஆகியோரை, அவர்களுடைய தொழில் எதுவாயினும், உள்ளே கொண்டுவந்தது. நிறுவனப் பதிவுக்கான உறுதிமொழியைத் தாக்கல் செய்யும் அளவில் மட்டும் வழக்கறிஞருக்கும் எங்களுக்கும் விலக்கு உண்டு. நண்பருடைய நிறுவனம் ஒன்றுக்கு உங்கள் அலுவலக முகவரியைக் கட்டணம் பெற்றுக் கொடுத்திருந்தால், அது வேறு கணக்காகிவிடும்.

உள்ளே வந்தபின் கடமைகள் கனமானவை. கட்சிக்காரரின் அடையாளமும் பரிவர்த்தனைப் பதிவும் ஐந்து ஆண்டுகள் இருக்க வேண்டும். ஐயத்துக்குரிய பரிவர்த்தனையை நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததைக் கட்சிக்காரரிடம் சொல்லவும் கூடாது. தவறினால் ஒவ்வொரு தவறுக்கும் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. 2023 ஜூலையில் நிதி நுண்ணறிவுப் பிரிவு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், எங்கள் மேற்பார்வையில் எங்கள் தொழில்சார் அமைப்பான இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்துக்கே தன்னொழுங்கு அமைப்பு என்ற இடத்தைத் தந்தன. எந்த முறை சீராக நடக்கவில்லை என்று இங்கிலாந்து கைவிடுகிறதோ, அந்த முறையில் நாம் அப்போதுதான் கால் வைத்தோம். அங்கே 22 அமைப்புகள் என்பதும் இங்கே மூன்றே என்பதும் பெரிய வேறுபாடுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், கழகத் தேர்தலில் எங்களிடம் வாக்குக் கேட்டு வருபவர்களே எங்களைத் தண்டிக்கும் இடத்திலும் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

பணம் அனுப்புவது பற்றியும் ஒன்று. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற உங்கள் கட்சிக்காரர் இங்கே விளைநிலத்தை விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக அடைந்ததை, இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கு விற்கலாம். விற்ற பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (அயல்நாட்டில் வசிப்போர் இங்கே வைக்கும் ரூபாய் வங்கிக் கணக்கு) ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை எடுத்துச் செல்லலாம். அதற்குப் பட்டயக் கணக்காளரின் சான்றும் வேண்டியிருக்கும். அதன் நகலை லண்டனுக்கு அனுப்பும் தாள்களுடன் சேர்த்துவிடுங்கள். நீங்கள் எழுதப்போகும் பாதியை அதுவே சொல்லிவிடும்.


வெட்டாறு (தஞ்சாவூர்):

தம்பி அரசலாறு, நான் வழக்கறிஞர் தொழிலில் நாற்பதாவது ஆண்டைத் தொட்டவன். மண்ணியாறு அம்மா "வழக்கறிஞர் என்ற சொல்லை மட்டும் சேர்க்காமல் விட்டது" என்று எழுதியதில் ஒரு குறை தொனிக்கிறது. அந்தச் சொல் அங்கே இல்லாதது நல்லதே என்பது என் கருத்து.

கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வதை வெளியிடக் கூடாது என்ற விதி 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவாக இருந்து, இன்று பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆம் பிரிவாக நிற்கிறது. அது வழக்கறிஞருக்குக் கிடைத்த சலுகை அன்று, கட்சிக்காரரின் உரிமை. 2025இல் மூத்த வழக்கறிஞர்களுக்கே, அவர்கள் தந்த சட்டக் கருத்துக்காக, அமலாக்கத் துறை அழைப்பாணை அனுப்பியதையும், எதிர்ப்பு எழுந்தபின் அவை திரும்பப் பெறப்பட்டதையும் அனைவரும் அறிவோம். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு, 2025 அக்டோபர் 31ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. 132ஆம் பிரிவின் விதிவிலக்குகளுக்குள் வந்தாலன்றிக் கட்சிக்காரரின் விவரம் கேட்டு வழக்கறிஞரை அழைக்கக் கூடாது. அழைப்பதாயின் எந்த விதிவிலக்கு என்று அழைப்பாணையிலேயே குறிப்பிட வேண்டும். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரி எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்றது. இத்தனை போராட்டத்துக்குப் பின் கிடைத்த பாதுகாப்பை, ஐயம் வந்தவுடன் கட்சிக்காரருக்குத் தெரியாமல் அரசுக்கு எழுது என்ற ஒரே விதி கரைத்துவிடும்.

இங்கிலாந்தில் வரப்போகும் மாற்றத்தில் எனக்குத் தென்படும் ஆபத்து இதுவே. தொழிலிலிருந்து தோன்றிய அமைப்பு ஒன்று கோப்பைத் திறக்கும்போது, எதைத் தொடலாம், எது கட்சிக்காரரின் இரகசியம் என்ற பழக்கம் அதன் கையில் இருக்கும். வங்கிகளைப் பார்த்துப் பழகிய கைக்கு அது எளிதில் வாராது.

உங்கள் கடிதத்தைப் பொறுத்தவரை, கட்சிக்காரரின் வெளிப்படையான இசைவு இருந்தால் 132ஆம் பிரிவு தடையாகாது. அந்த இசைவை எழுத்தில், கையொப்பத்துடன், எந்தெந்த ஆவணம், யாருக்கு, எந்த நோக்கத்துக்கு என்று குறிப்பிட்டு வாங்குங்கள். முதலில் வந்தவர் ரொக்கம் தர முன்வந்ததை லண்டனுக்கு எழுத வேண்டிய தேவையே இல்லை. நடக்காத பரிவர்த்தனைக்குச் சாட்சி எதற்கு?


பாமணியாறு (மன்னார்குடி):

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஆவண எழுத்தன் நான் குறுக்கிடுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பதிவுத்துறை உரிமம் பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரம் எழுதி வருகிறேன்.

சார் பதிவாளர் அலுவலகத்தில் இப்போது பணம் எந்த வழியில் கைமாறியது என்று பத்திரத்திலேயே காசோலை எண்ணுடனோ வங்கிப் பரிமாற்ற எண்ணுடனோ எழுதுகிறோம். குறிப்பிட்ட வரம்பும் அதற்கு மேலும் மதிப்புள்ள பதிவுகள் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கப்படுகின்றன. முன்பணமாக இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. ஆயினும் பத்திரத்தில் எழுதப்படாத தொகை பதிவு அலுவலகத்தின் கண்ணுக்கு வருவதேயில்லை. அது முதல் நாள் மாலை யாருடைய வீட்டுத் திண்ணையிலோ, ஓர் அலுவலக அறையிலோ எண்ணப்படுகிறது. அந்த அறை சில வேளைகளில் வக்கீல் அலுவலகமாகவும் இருக்கிறது. கருத்துரை எழுதுவதோடு நிற்பவர்களை நான் சொல்லவில்லை. இரு தரப்புக்கும் பொதுவான மனிதர் என்று நம்பி, கிரயம் முடியும் வரை பணத்தைத் தம் பீரோவில் வைத்திருப்பவர்களைச் சொல்கிறேன். ஒரு முறை அப்படி வைத்த தொகை திரும்பாமல், விற்ற விதவைத் தாயார் இரண்டு போகம் அலைந்ததைக் கண்ணால் பார்த்தேன். அவரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

வெட்டாறு ஐயா சொல்லும் இரகசியம் கட்சிக்காரர் சொன்ன சொல்லுக்கு உரியது. பீரோவில் இருக்கும் பணத்துக்கும் அது உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.


வெட்டாறு (தஞ்சாவூர்):

பாமணியாறு கேட்டது நியாயமான கேள்வி. நேராகவே விடை சொல்கிறேன். உண்டு என்று நான் சொல்ல மாட்டேன். கட்சிக்காரர் ஒப்படைத்த பணத்துக்கு வழக்கறிஞர் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று இந்தியப் பார் கவுன்சிலின் விதிகளே சொல்கின்றன. அந்த விதி நெடுங்காலமாக இருக்கிறது. அதை யாராவது வந்து பார்த்தார்களா என்று கேட்டால், புகார் எழுந்தபின் பார்ப்பதேயன்றி, முன்கூட்டிப் பார்க்கும் வழக்கத்தை என் நாற்பது ஆண்டுகளில் கண்டதில்லை. பணத்தைக் கையாளும் வழக்கறிஞரின் கணக்கேட்டைப் பார் கவுன்சிலே ஆண்டுதோறும் சரிபார்க்கட்டும். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் என்பதால் காரைக்கால் வரை ஒரே கை போதும். அரசிடம் போக வேண்டியதில்லை என்பதில் மட்டும் என் கருத்து மாறவில்லை.


வெண்ணாறு (லண்டன்):

வெட்டாறு ஐயாவுக்கு ஒரு சிறு குறிப்பு. சட்ட ஆலோசனைக்குரிய இரகசியக் காப்பு இங்கேயும் உண்டு. அந்தக் காப்புக்குள் வரும் சூழலில் அறிந்ததைத் தெரிவிக்க வேண்டியதில்லை. குற்றத்துக்குத் துணைபோக ஆலோசனை கேட்டால் மட்டும் காப்பு இல்லை. மேற்பார்வை கைமாறுவதால் அந்தக் கோடு அழியாது. அதை மதிக்கப் புதிய ஆணையம் எவ்வளவு விரைவில் பழகும் என்பதில் உங்கள் அச்சம் எனக்கும் இருக்கிறது. ஆனால் தாமே கண்காணிப்போம் என்று தொழில்சார் அமைப்புகள் பல்லாண்டுகள் சொல்லிவிட்டு, ஒரே சீராகச் செய்து காட்டாததால்தான் இங்கே அந்தப் பொறுப்பு அவற்றை விட்டுப் போகிறது. 2024 செப்டம்பரில் வெளியான இந்தியா பற்றிய எஃப்.ஏ.டி.எஃப். மதிப்பீடு, நிதித்துறை சாராத தொழில்களில் தடுப்பு நடவடிக்கைகள் வலுப்பட வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் பார் கவுன்சில் முந்திக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.


அரசலாறு (கும்பகோணம்):

அனைவருக்கும் நன்றி. கட்சிக்காரரின் இசைவுக் கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி இன்று அனுப்பிவிட்டேன். ஒரு மா ஏறத்தாழ முப்பத்துமூன்று சென்ட், பதினெட்டு மா ஏறத்தாழ ஆறு ஏக்கர் என்ற கணக்கையும் விளக்கக் கடிதத்தின் இரண்டாம் பத்தியில் சேர்த்திருக்கிறேன். முதலில் வந்தவரைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

பாமணியாறு அண்ணன் சொன்ன பீரோ என் அலுவலகத்திலும் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன், இரு சகோதரர்களின் பாகப்பிரிவினை முடியும் வரை ஒரு தொகையை நானும் அதில் வைத்திருந்தேன். ஒரு ரூபாயும் குறையாமல் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அதைக் காட்ட என்னிடம் எந்தப் பதிவும் இல்லை என்பது நேற்றிரவு உங்கள் பதிவைப் படித்தபோதுதான் உறைத்தது. இனிக் கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி ஏடு, பெற்றதற்கும் கொடுத்ததற்கும் கையொப்பம் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் வழக்கறிஞர் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில், விருப்பமுள்ளவர்கள் இதே முறையைப் பின்பற்றி ஆண்டுக்கு ஒரு முறை ஒருவர் ஏட்டை மற்றொருவர் சரிபார்ப்பது என்று ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன்.

ஏட்டின் மாதிரியை வரும் வாரம் இங்கே பதிகிறேன். மண்ணியாறு அம்மா அதில் எந்தெந்தப் பத்திகள் இருக்க வேண்டும் என்று திருத்தித் தர வேண்டும். பரிவர்த்தனை முடியாமல் நின்றுபோனால் பணத்தை யாரிடம், எத்தனை நாளில் திருப்புவது என்ற பத்தியை வெட்டாறு ஐயா எழுதித் தந்தால் நன்றாயிருக்கும்.